லிட்ரேச்சர் ரிவியூ: ஆள் வரிசையா, ஆண்டு வரிசையா, பொருள் வரிசையா?

ஒரு தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவதுதான் லிட்ரேச்சர் ரிவியூ; அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே கேள்வி. பள்ளி மதிய உணவு பற்றி அசைன்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். கையில் நான்கு ஆய்வுகள்: ழான் த்ரேஸும் அபராஜிதா கோயலும் சேர்ந்து 2003இல் எழுதியது, ஃபர்சானா அஃப்ரிதி மத்தியப் பிரதேசத்தில் செய்து 2010இல் வெளியிட்டது, ஆந்திர வறட்சியை வைத்து 2014இல் வந்தது, தாய்-சேய் தலைமுறைகளை ஒப்பிட்டு 2021இல் வந்தது.

ஆளுக்கொரு பத்தியாக எழுதுவது எளிது, பெரும்பாலோர் செய்வதும் இதுதான். ஆனால் எந்தப் பத்தியை எங்கே மாற்றி வைத்தாலும் ஒன்றும் குறையாது. படிக்கும்போது குறிப்பெடுக்க இது போதும். சமர்ப்பிக்கப் போதாது.

ஆண்டு வரிசைக்கு ஒரு பலம் உண்டு. 1995இல் மத்திய அரசு திட்டத்தைத் தொடங்கியபோது பல மாநிலங்கள் வெறும் தானியத்தைத்தான் கொடுத்தன. சமைத்த உணவே தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது. முதல் இரண்டு ஆய்வுகளின் பின்னணி இதில் தானாக விளங்கிவிடும். அப்புறம்தான் சிக்கல்: 2010ம் 2014ம் வேறு வேறு கேள்விகள் கேட்டவை, வரிசையில் அடுத்தடுத்து வந்தவை என்பதால் மட்டும் ஒட்டாது.

என் தேர்வு பொருள் வரிசை, அதாவது ஆய்வுகளைத் தலைப்புவாரியாகப் பிரித்து அடுக்குவது. உதாரணமாக 'ஊட்டச்சத்து' என்ற தலைப்பில் கேள்வி இது: பள்ளியில் சாப்பிடும் பிள்ளைக்கு வீட்டில் சோற்றைக் குறைத்துவிடுவார்களா? பள்ளி தந்த சத்தில் 49 முதல் 100 சதவீதம் வரை அன்றைய கணக்கில் கூடுதலாகச் சேர்ந்தது என்கிறார் அஃப்ரிதி. ஆனால் அவர் அளந்தது 24 மணி நேரச் சாப்பாடு. அந்தச் சத்து உடம்பில் தங்கியதா? வறட்சியால் பிள்ளைகளின் வளர்ச்சியில் விழுந்த அடியை மதிய உணவு ஈடுகட்டியதாக 2014 ஆய்வு காட்டுகிறது. சிறுமியாக இந்த உணவைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் உயரக் குறைபாடு குறைவு என்கிறது 2021 ஆய்வு. ஒரு நாள், ஒரு வறட்சி, ஒரு தலைமுறை என்று வாதம் படிப்படியாக வளர்வது பேராசிரியருக்குத் தெரியும். மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

த்ரேஸ்-கோயல் கட்டுரை இங்கே உடையும்: பள்ளி வருகைக்கு ஒரு பகுதி, சாதி சமத்துவத்துக்கு ஒரு பகுதி. உடையட்டும், ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் சொல்வதில் தவறில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? எக்செல்லில் இடப்பக்கம் கட்டுரைகள், மேலே தலைப்புகள் என்று ஒரு கட்டம் போடுங்கள். முழுதாகக் காலியாக நிற்கும் நெடுவரிசையில் உங்கள் ஆய்வு இடைவெளி (இதுவரை யாரும் ஆராயாத இடம்) இருக்க வாய்ப்புண்டு. இன்னொரு முறை தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.