கார்டு மெஷின் தங்கம், கமிஷன் கணக்குதான் தாங்க முடியவில்லை

புதிதாகக் கடை திறக்கும் நண்பர், நான் சில வருடங்களாக வைத்திருக்கும் கார்டு மெஷினையே தானும் எடுக்கலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன், போன முறை கட்டணம் மாறியதிலிருந்து யாரிடமாவது இதைக் கொட்டியே ஆகவேண்டும் என்று இருக்கிறது.

மெஷினில் ஒரு குறையும் இல்லை. எவ்வளவு கூட்டத்திலும் மக்கர் பண்ணியதில்லை, கார்டைக் காட்டியதும் பணம் போய்விடும், செட்டில்மென்ட் மறுநாள் கணக்கில் வந்து விழுந்துவிடும். வாடிக்கையாளர் முன்னால் கைபிசைந்து நிற்க வைத்ததே இல்லை.

கமிஷன்தான் விஷயம். நம்மிடம் ஒரே தொகையாகப் பிடிப்பதில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு: கார்டு கொடுத்த வங்கிக்கு இன்டர்சேஞ்ச், விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குக்கு ஒரு கட்டணம், மீதி மெஷின் கொடுத்தவருக்கு. கிரெடிட் கார்டில் பெரும்பாலும் வங்கியின் பங்குதான் பெரியது. என் திட்டத்தில் மூன்றையும் கலந்து ஒரே விகிதம். கணக்குப் போட சுலபம், சின்னக் கடைக்காரர்கள் அதற்காகத்தான் இதை எடுக்கிறோம். ஆனால் நெட்வொர்க் கட்டணம் ஏறியது என்று மெயில் வந்தால் உடனே என் விகிதமும் ஏறுகிறது. குறைந்தது என்று ஒரு மெயில்கூட இதுவரை வந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 டிசம்பரில் தனிநபர் கார்டுகளின் இன்டர்சேஞ்சுக்கு டெபிட்டுக்கு 0.2, கிரெடிட்டுக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதே சட்டத்தில், வணிகரே எழுதிக் கேட்டால் ஒழிய எல்லாவற்றையும் கலந்து ஒரே விகிதம் போடக்கூடாது, கார்டு வகைவாரியாகப் பிரித்துச் சொல்லவேண்டும் என்றும் இருக்கிறது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

சரி, விகிதம் ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரீஃபண்ட் விஷயத்தை என்னால் முடியவில்லை. முன்பெல்லாம் பொருள் திரும்பி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பிடித்த கமிஷனும் திரும்பி வரும். இப்போது வருவதில்லை. வாடிக்கையாளருக்கு முழுத்தொகையும் போய்விடுகிறது, பொருள் மறுபடியும் என் அலமாரியில், நடக்காத விற்பனைக்கு நான் கமிஷன் கட்டுகிறேன், அதுவும் வரி சேர்த்த மொத்த பில் தொகைக்கு! இந்த மாற்றத்தை அந்த மெயிலில் எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா, புதிய வசதிகள் பற்றி நீளமாகப் பேசிவிட்டு கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரே ஒரு வரி. உதவி எண்ணில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார், இருக்கத்தான் செய்கிறது.

அவர்களுக்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. போவதும் வருவதும் இரண்டு பரிவர்த்தனை, அதற்குச் சின்னதாக ஒரு நிலையான தொகை பிடித்தால் வாய் திறக்கமாட்டேன். ஆனால் ரீஃபண்ட் போகும்போது இன்டர்சேஞ்ச் பல சமயம் வங்கியிடமிருந்து அவர்களுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அது என்னிடம் வராமல் நடுவில் நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. விலை உயர்ந்த பொருளில், லாபம் குறைவாக வைத்து விற்பவருக்கு, ஒரு ரீஃபண்ட் போனால் அடுத்து விற்கும் பொருளின் லாபத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும்.

ஆகவே நண்பருக்குச் சொன்னது: இதை எடுக்காதீர்கள். மெஷின் இதைவிடச் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, இன்டர்சேஞ்சையும் அவர்கள் லாபத்தையும் தனித்தனியாகக் காட்டும் இன்டர்சேஞ்ச் பிளஸ் திட்டம் தருபவரிடம் போங்கள். கையெழுத்துப் போடும் முன் ரீஃபண்டில் எது திரும்பி வரும், கட்டணம் மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், பிடிக்காவிட்டால் அபராதமில்லாமல் விலகலாமா என்று எழுத்தில் வாங்குங்கள். நானும் என் ஒப்பந்தம் முடிவதற்குள் இதே கேள்விகளை வேறு இரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.