தெரேசின் மக்டபர்க் பாசறை: நாடகக்காரர்கள் தவறவிடக் கூடாத இடம்

பிராகிலிருந்து தெரேசினுக்கு ஒருநாள் சுற்றுலா போகிறவர்கள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் மக்டபர்க் பாசறைக்குக் கூட்டிப்போவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். என்னை அழைத்துப்போன நிறுவனம், நாஜிகள் சிறையாக வைத்திருந்த சிறிய கோட்டையை மட்டும் காட்டித் திருப்பிவிட்டது. அப்புறம் நானே பிராகின் ஹோலெஷோவிட்சே நிலையத்தில் பஸ் ஏறிப் போனேன். ஒரு மணி நேரம்தான்.

நாஜிகள் 1941 முதல் யூதர்களை அடைத்துவைத்த ஊர் இது. சுமார் 33,000 பேர் இங்கேயே இறந்தார்கள். 88,000 பேர்வரை கிழக்கே ஆஷ்விட்ஸ் போன்ற முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி அனுப்பப்படுவோர் பட்டியலில் தங்கள் பெயர் எப்போது வரும் என்று தெரியாமலே இங்கு ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். இசை, நாடகம், ஓவியம், எழுத்து என்று கைதிகள் செய்ததையெல்லாம் இந்தப் பாசறையில் வைத்திருக்கிறார்கள். மூட்டைகளும் பெட்டிகளுமாக நெருக்கியடித்த அடுக்குக் கட்டில் அறை ஒன்றையும் அப்படியே அமைத்திருக்கிறார்கள். அதை முதலில் பாருங்கள்.

நான் நாடகக் குழுவில் உடையும் அரங்கப் பொருளும் பார்ப்பவள். உடை வரைபடங்களையும் சுவரொட்டிகளையும் விட்டு நகரவே முடியவில்லை. இங்கே கைதியாக இருந்த இசையமைப்பாளர் ஹான்ஸ் கிராஸாவின் சிறுவர் ஓபரா (பாடி நடிக்கும் இசை நாடகம்) ‘புருண்டிபார்’ தெரேசினில் முதலில் ஆடப்பட்டது 1943 செப்டம்பரில், இதே பாசறையில்தான். அரங்க அமைப்பு இன்னொரு கைதியான பிரான்டிஷெக் ஸெலென்கா. ஒரு பலகை வேலி, அதில் பூனை, நாய், குருவி படங்கள். தலை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. பிள்ளைகள் அதில் முகத்தை நீட்டினால் விலங்கு பாடும். கையில் எதுவுமே இல்லாத இடத்தில் இப்படியொரு யோசனை! ஒரு தொழில்காரியாக அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது. யூதர் என்று காட்ட உடையில் கட்டாயம் அணியவேண்டியிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை, மேடையில் மட்டும் பிள்ளைகள் கழற்றிவைக்கலாம். ஐம்பத்தைந்து முறை ஆடினார்கள். நடித்த பிள்ளைகளை ரயில் கொண்டுபோகப்போக, புதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள்.

1944 ஜூனில் செஞ்சிலுவைக் குழு இங்கே பார்வையிட வந்தபோது இதே ஓபராவை நாஜிகள் காட்சிக்கு வைத்தார்கள். கைதிகள் தங்களுக்காகச் செய்த ஒன்றை, ‘பாருங்கள், எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறோம்’ என்று காட்டப் பயன்படுத்தினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். அந்த இலையுதிர் காலத்திலேயே கிராஸா, ஸெலென்கா இருவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்.

இங்கே கைதியாக இருந்த இன்னொரு இசையமைப்பாளர் விக்டர் உல்மனின் ஓபரா ‘அட்லாண்டிஸின் பேரரசர்’ ஒத்திகையோடு நின்றுபோனது. போர்வெறி பிடித்த பேரரசனுக்கு எதிராகச் சாவே வேலைநிறுத்தம் செய்யும் கதை. அது மேடையேறியது 1975இல், ஆம்ஸ்டர்டாமில். உல்மன் 1944லேயே கொல்லப்பட்டுவிட்டார்.

கோட்டை, கெட்டோ (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) அருங்காட்சியகம், பாசறை மூன்றுக்கும் சேர்த்துக் கூட்டு டிக்கெட் உண்டு. பாசறைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பாடு கையோடு எடுத்துப் போங்கள்.