அச்சு உருளை இயந்திரம் வாங்குவோருக்கு: பத்து நிமிட ஓட்டத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

குன்னூரில் சிறு பட்டறை வைத்திருக்கும் நான், தேயிலைத் தொழிற்சாலைகளின் ஈரத் தரைக்கும் மழைக்காலத்தில் பாசி படியும் வீட்டுப் படிகளுக்கும் ஏற்ற, வழுக்காத பிவிசி விரிப்புகளைத் தயாரிக்க எண்ணி, கடந்த ஆண்டு சமவெளியில் உள்ள ஒரு விற்பனையாளரிடம் இயந்திரம் வாங்கி ஏமாந்தேன்.

இவ்வகை இயந்திரத்தில் எக்ஸ்ட்ரூடர் உருக்கித் தள்ளும் பிளாஸ்டிக், டை எனப்படும் நீண்ட பிளவு வாயிலிருந்து அகலமான தகடாக இறங்கி, கோலம் வெட்டிய எஃகு உருளைக்கும் ரப்பர் உருளைக்கும் இடையே அழுந்தி, நிற்காமல் அச்சுப் பதிந்து வெளியேறும். எஃகு உருளைக்குள் தண்ணீர் சீராக ஓடினால்தான், சுமார் 170 டிகிரி சூட்டில் வரும் பிவிசி உடனே இறுகி, அச்சின் மேடு பள்ளம் நிலைக்கும். அதற்காக நல்ல உருளையை இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் திருகுச் சுற்றான நீர்ப்பாதையுடன் செய்வார்கள். இது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

விற்பனையாளரின் கொட்டகையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். விரிப்பு அழகாகவே வந்தது. குளிர்ந்திருக்கும் உருளை எதுவும் தொடக்கத்தில் நன்றாகவே அச்சிடும் என்பதும், சூடு ஏறி நிலைத்த பிறகே அதன் தரம் வெளிப்படும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. 9 லட்சம் விலையில் 7 லட்சத்தை அங்கேயே கொடுத்தேன். அதில் 3 லட்சத்தைப் பில் இல்லாமல் கேட்டார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த இயந்திரத்தை ஓட்டிய முதல் நாளே, நாற்பது நிமிடத்தில் விரிப்பின் ஒரு பக்கம் கோலம் மழுங்கியது. சிறிது நேரத்தில் பிவிசி உருளையில் ஒட்டிக் கிழிந்தது. அளந்து பார்த்தபோது தண்ணீர் நுழையும் முனை 38 டிகிரியும் மறுமுனை 81 டிகிரியும் காட்டின. தொலைபேசியில் கேட்டதற்கு, மலைக் குளிர் இயந்திரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஜனவரியில் கையை விறைக்க வைக்கும் எங்கள் தொட்டித் தண்ணீர் உருளையைக் குளிர்விக்க உதவுமே தவிர, சூடேற்றாது. பணம் போனதைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் வருத்தியது.

மூன்றாம் மாதம் கோலத்தின் பள்ளங்களில் துரு தெரிந்தது. பிவிசி மிகையாகச் சூடேறினால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை வெளியிடும்; அதைத் தாங்கவே கடினக் குரோம் பூச்சு தேவைப்படுகிறது. பில்லில் அந்தப் பூச்சு இருப்பதாகத்தான் எழுதியிருந்தது. உருளையை வெட்டிப் பார்த்தபோது குரோமும் இல்லை, இரட்டைச் சுவரும் இல்லை; இரு முனையும் அடைத்த வெறும் இரும்புக் குழாய்.

பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருப்பதால், ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பில் இல்லாத 3 லட்சத்துக்கு மட்டும் காட்ட என்னிடம் ஆதாரம் இல்லை.

வாங்க இருப்பவர்கள், உங்கள் மூலப்பொருளைக் கொண்டுபோய், மூன்று மணி நேரமாவது நிற்காமல் ஓட்டச் சொல்லி, உருளையின் இரு முனைகளிலும் நடுவிலும் நீங்களே சூட்டை அளந்து பாருங்கள். உருளையின் உள்ளமைப்பு வரைபடத்தைக் கையொப்பத்துடன் கேளுங்கள். உங்கள் பட்டறையில் ஓடிக் காட்டும்வரை விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது கையில் வைத்திருங்கள். வெட்டிய உருளை இப்போதும் என் பட்டறையில்தான் கிடக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.