ஸ்டோன்ஹெஞ்சில் கோடைக் கதிர்த்திருப்ப இரவு: ஒரு பேகனின் மதிப்பீடு

முதலில் மதிப்பெண்: ஐந்துக்கு நான்கரை. அந்த அரை ஏன் போச்சு என்று அப்புறம் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் பெரிய கற்கள் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு, வருடத்தின் மிக நீண்ட பகலான ஜூன் மாதக் கதிர்த்திருப்பத்தன்று முந்தின நாள் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை யார் வேண்டுமானாலும் கற்களுக்கு நடுவிலேயே போய் நிற்க அனுமதிக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தத்தான் காசு. மற்ற நாட்களில் டிக்கெட் வாங்கிப் போனாலும் பாதையோடு சுற்றி வந்து தள்ளி நின்று பார்ப்பதோடு சரி. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஓர் இரவு எவ்வளவு பெரிது என்பதைப் புரிய வைக்க, நான் ஏன் இயற்கையைப் புனிதமாக வழிபடும் பேகன் ஆனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கடவுளைப் பற்றி யாராவது நடுவில் நின்று விளக்கிக்கொண்டே இருப்பது ஒத்துவரவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எது பாவம், யார் உள்ளே வரலாம் என்பதெல்லாம் இன்னொருவர் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்றால் அதில் எனக்கு இடமே இல்லாதது மாதிரி இருந்தது. பேகன் வழியில் நான் கண்டது வேறு. வருடத்தில் எட்டுப் பண்டிகைகள், எட்டும் சூரியனையும் பருவத்தையும் ஒட்டியவை, அவற்றில் நான் செய்ய வேண்டிய முதல் காரியம் வெளியே போய்ப் பார்ப்பது. பகல் எப்போது குறைய ஆரம்பிக்கிறது, எந்த மரம் முதலில் துளிர்க்கிறது என்று கவனிப்பதே வழிபாடு. தெய்வத்தைப் பெண்ணாகவும் நினைக்கலாம், உதிர்ந்து அழுகும் இலையிலும் புனிதம் உண்டு. நெருங்கியவர்களின் சாவை நான் தாங்கியது இந்தக் கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

பழமையான மதம் என்பதற்காக நான் வரவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய கற்கள் நின்றது கி.மு. 2500 வாக்கில். பழங்காலக் கெல்டியரின் பூசாரிகளான துரூயிட்களைப் பற்றிய எழுத்துக் குறிப்புகள் தொடங்குவதோ அதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து. இன்றைய பேகன் வழிகளில் ஒன்றான விக்கா வெளியுலகுக்குத் தெரிந்ததே 1951இல் பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு, அதைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் எழுதத் தொடங்கியதால்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் என் நம்பிக்கை அசையவில்லை, ஏனென்றால் இந்தக் கற்களை நிறுத்தியவர்கள் எதைப் பார்த்தார்களோ அந்தச் சூரியனை நானும் என் கண்ணால் பார்க்கிறேன், அதற்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை.

சரி, இரவுக்கு வருவோம். ஜூனாக இருந்தாலும் குளிர் எலும்பு வரை போகும், புல் முழுக்கப் பனி இறங்கி ஷூ நனைந்துவிடும். கூட்டத்தில் வெள்ளை அங்கி போட்ட இன்றைய துரூயிட்கள், பூமாலை சூடிய பெண்கள், தோளில் தூங்கும் குழந்தைகள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லோரும் கலந்து நிற்பார்கள். கல்லுக்கு ஒரு கை தூரத்தில் நின்றால்தான் அதன் மேல் படிந்த பாசிக்காளான் தெரியும், சாம்பல், மஞ்சள், வெளிர்பச்சை என்று திட்டுத் திட்டாக. கற்கள் மேல் ஏறக்கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம், தயவுசெய்து ஏறாதீர்கள். சார்சன் எனப்படும் பெரிய மணற்கல் ஒவ்வொன்றும் சராசரி 25 டன் என்று படித்திருந்தேன், ஆனால் இருட்டில் அதன் அடியில் நிற்கும்போதுதான் அந்த எண் உடம்பில் உறைக்கிறது. காலை ஐந்து மணிக்குச் சற்று முன், வட்டத்துக்கு வெளியே தனியாக நிற்கும் ஹீல் ஸ்டோன் என்ற கல்லுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சூரியன் எழும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, அது யார் கையிலும் இல்லை.

இந்த அனுமதி சும்மா கிடைத்ததில்லை. 1985இல் இங்கே நடந்துவந்த இலவச விழாவைத் தடுத்தார்கள், ஜூன் 1 அன்று அங்கே போய்க்கொண்டிருந்த வாகனங்களைப் போலீஸ் மறித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. அதன் பிறகு வருடக்கணக்கில் கதிர்த்திருப்பத்தன்று அந்தப் பக்கமே விடவில்லை. 1999இல் பொதுச்சாலையில் அமைதியாகக் கூடும் உரிமை பற்றிய வழக்கில் அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கூடுபவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, 2000இல் கதவு திறந்தது. மதுவுக்குத் தடை, ஒலிபெருக்கிக்குத் தடை, தூங்கும் பைக்குத் தடை என்று விதிகள் நிறையத்தான், ஆனால் நான் மனசாரச் சம்மதிக்கிறேன்.

அரை மதிப்பெண் போனது கூட்டத்தின் சத்தத்தால். நடுவட்டத்தில் விடிய விடிய மேளம், சூரியன் எழும் நேரத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் மேலே. பிரார்த்தனை செய்ய வந்தவர்களுக்கு ஒரு பத்து நிமிடம் அமைதி கிடைத்தால் போதும், அது கிடைப்பதில்லை. அமைதி வேண்டுமென்றால் மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில் போங்கள், அப்போதும் காலையில் கொஞ்ச நேரம் திறக்கிறார்கள், கூட்டம் மிகக் குறைவு. டிசம்பர் கதிர்த்திருப்பத்திலும் விடியலில் திறப்பு உண்டு. கற்களின் அச்சு டிசம்பரில் சூரியன் மறையும் திசையோடும் பொருந்துகிறது, பக்கத்துக் கற்காலக் குடியிருப்பான டரிங்டன் வால்ஸில் கிடைத்த பன்றி எலும்புகளை வைத்துக் குளிர்காலப் பெருவிருந்துதான் முக்கியமாக இருந்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதனால் அந்த மாலையிலும் ஒருநாள் உள்ளே விட்டால் முழு ஐந்தும் தருவேன்.

காரை விட்டுவிட்டு சால்ஸ்பரி ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் போவது நல்லது. சின்னப் பை, கம்பளிச் சட்டை, நனையாத செருப்பு, இவ்வளவு போதும்.