மேடையா, பீடித் திண்ணையா?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஓட்டு யாருக்கு என்ற பேச்சுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பொதுக்கூட்ட மேடை. வேட்பாளரை நேரில் பார்க்கலாம், வாக்குறுதியை அவர் வாயாலேயே கேட்கலாம். அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கீழே நிற்பவர் ஒரு கேள்வி கேட்க முடியாது. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தால் கூட்டம் முடிந்தது.

இன்னொன்று பீடி சுற்றும் திண்ணை. மடியில் சுளவு (முறம்); கை பாட்டுக்கு இலையைச் சுருட்டி நூலைக் கட்டும், வாய் பேசிக்கொண்டே இருக்கும்.

"போன தடவை ரோடு போடுதேன்னாரே, போட்டாரா?" என்பார் அத்தை.

"ரோடு கெடக்கட்டும் மதினி, ஆயிரம் பீடிக்குக் கூலி ஏறுமா, அதைச் சொல்லுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா மறிப்பார்.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய்ந்துவிடும். திண்ணைப் பேச்சு ஓயாது. அந்த இரண்டு நாளில் மனசு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். 'நம்ம சாதிக்காரர்' என்ற பேச்சு அங்கும் வரும்தான். ஆனால் உடனே மறுத்துப் பேச ஆள் இருக்கும். எனக்கு அதுதான் பெரிது. மேடையில் கேட்டதைத் திண்ணையில் போட்டு அலசிய அப்புறம்தான் நான் முடிவெடுக்கிறேன்.