62 ரீஇஷ்யூ ஸ்ட்ராட் வாங்கப் போகிறீர்களா? நெக்கின் அடியைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்

ரீஇஷ்யூ, அதாவது பழைய மாடலை நிறுவனமே திரும்பச் செய்த எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிடுங்கள். 1984ல் செய்த ஃபெண்டர் 62 ரீஇஷ்யூ ஸ்ட்ராட்டோகாஸ்டர் (1962 மாடலின் நகல், சுருக்கமாக ஸ்ட்ராட்), கலிபோர்னியாவில் ஃபெண்டரின் பழைய ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் செய்தது, ஒரு திருகு கூட மாற்றப்படவில்லை என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்றார். வந்து சேர்ந்தது, வெவ்வேறு கிட்டார்களிலிருந்து கழற்றிய பாகங்களை ஒன்றாகத் திருகிய ஒரு சாமான். அதில் நிஜமாக 62 ரீஇஷ்யூவைச் சேர்ந்தது ஒரே ஒரு இரும்புத் தகடுதான். அந்தத் தகட்டை வைத்துத்தான் மொத்த ஏமாற்றும் நடந்திருக்கிறது.

இந்த மாடல் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆசையை நன்றாகத் தெரிந்தவன்தான் இந்த வேலையைச் செய்கிறான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954ல் வந்தது. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டரின் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது, அதற்கப்புறம் மெதுமெதுவாகப் பூச்சு தடிமனானது, 70களில் நெக்கை, அதாவது கம்பிகள் ஓடும் நீளக் கழுத்தை, பாடியோடு பிடிக்கும் நாலு திருகு மூன்றானது, வாசிப்பவர்கள் 1965க்கு முந்தைய கிட்டார்களைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் 1982ல் ஃபெண்டரே தன் பழைய கிட்டார்களை அளவெடுத்துத் திரும்பச் செய்தது: 57 ஸ்ட்ராட், 62 ஸ்ட்ராட், 52 டெலிகாஸ்டர். அதே ஆண்டு ஃபெண்டர் ஜப்பானும் தொடங்கி, ஃபுஜிஜென் தொழிற்சாலையில் செய்த, ஜேவி என்று தொடங்கும் எண் உள்ள கிட்டார்கள் வந்தன, அவற்றுக்கும் இன்றைக்குத் தனி மவுசு. 1985ல் சிபிஎஸ் கையிலிருந்து நிறுவனம் மாறியபோது ஃபுல்லர்டன் கட்டடம் அந்த விற்பனையில் சேரவில்லை, உற்பத்தி கலிபோர்னியாவிலேயே கொரோனா என்ற ஊருக்குப் போனது. அதனால் 1982 தொடங்கிச் சில ஆண்டுகள் மட்டும் அங்கே செய்த ரீஇஷ்யூக்கள் குறைவு. நகலாகப் பிறந்தவையே இப்போது நாற்பது வயதைத் தாண்டி, தாங்களே பழம்பொருளாகிவிட்டன.

இதெல்லாம் வெறும் சரித்திரப் பெருமை இல்லை. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். நெக்கில் விரல் வைத்து அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டின் வளைவு 7.25 அங்குல ஆரம், இப்போதைய ஸ்ட்ராட்களின் 9.5 அங்குலத்தைவிட நன்றாக உருண்டிருக்கும், ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் தானாக அதில் பொருந்தி உட்காரும். பலகையின் குறுக்கே பதித்த 21 மெல்லிய உலோக ஃப்ரெட். மேல் பூச்சு நைட்ரோ லாக்கர், வியர்வையும் வெயிலும் பட்டு நிறம் மாறும், தேயும், வெடிப்பு விடும். ரப்பர் பிடி போட்ட ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தால் பூச்சே இளகித் தடம் விழும், அவ்வளவு நாசூக்கானது. அசல் 1962 கிட்டாரை வாங்க நம்மில் பலருக்கு வாய்ப்பே இல்லை, வாங்கினாலும் மேடைக்குத் தூக்கிப்போக மனசு வராது. ரீஇஷ்யூ என்றால் அந்தக் கையுணர்வும் கிடைக்கும், தைரியமாக வாசிக்கவும் செய்யலாம். நான் தேடியதும் அதைத்தான்.

விற்றவர் விளம்பரத்தில் தன்னைச் சேகரிப்பாளர் என்று போட்டிருந்தார். மூன்று நிற சன்பர்ஸ்ட், பழைய பாணி கேஸ், அதற்குள் அந்தக் காலத்துத் தோல் வார், கையேடு, அட்டை எல்லாம் அழகாக அடுக்கிப் படம். நெக்கைப் பாடியோடு இறுக்கும் தகடான நெக் பிளேட்டில் வி என்று தொடங்கும் எண் தெளிவாகத் தெரிந்தது. நெக்கின் அடியில் உள்ள தேதி முத்திரைப் படம் வேண்டும் என்று நான் கேட்டேன். உடனே அனுப்பினார். 1984 முத்திரை, பாடியில் பொருந்தும் அந்த முனை, ரோஸ்வுட் ஓரம், எல்லாம் கச்சிதம். மிக அருகில் எடுத்த படம், நெக்கின் மற்ற பகுதி எதுவும் அதில் இல்லை. வால்யூம் பாட்டின், அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள பாகத்தின், பின்புறத்தையும் கேட்டேன். ஈயப்பற்று எதுவும் கலையாத நிலையில் பிக்கார்டை (அவற்றை மூடியிருக்கும் முன்பக்கப் பிளாஸ்டிக் தகட்டை) திறக்க விருப்பமில்லை, ஒருமுறை திறந்தால் மதிப்பு குறையும் என்றார். கேட்கிறவருக்கு நியாயமாகப் படும் பதில். மதிப்பு குறையும் என்பதில் பாதி உண்மையும் உண்டு, தொடாத ஈயப்பற்றுக்குச் சந்தையில் தனி விலை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையைத்தான் கதவாக்கி மூடியிருக்கிறார்.

கிட்டார் வந்த அன்றே கை சொல்லிவிட்டது. கம்பிகளின் உயரம் நன்றாகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது, அந்த உயரத்தில் 7.25 ஆரம் உள்ள நெக்கில் முதல் கம்பியை மேல் ஃப்ரெட்களில் முழு ஸ்வரம் இழுத்தால் பொதுவாக ஒலி நெரிபட்டுச் செத்துப்போகும், மேலே உள்ள ஃப்ரெட்டில் கம்பி போய் இடிக்கும். இதில் பதினைந்தாவது ஃப்ரெட்டில் இழுத்தேன், எங்கேயும் இடிக்காமல் நீளமாகப் பாடியது. வாசிக்கச் சுகமாகத்தான் இருந்தது, ஆனால் அது இந்தக் கிட்டார் செய்யக்கூடிய காரியம் இல்லை. ஆரம் பார்க்கும் அளவுகோலை வைத்தால் 9.5.

எனக்குத் தெரிந்த, கிட்டார் ரிப்பேரில் பழம் தின்று கொட்டை போட்ட பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மேசையில் வைத்ததும் அவர் பார்த்தது பூச்சில் இருந்த வெடிப்புக் கோடுகளை. "தம்பி, நகத்தை வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். ஒவ்வொரு கோட்டிலும் நகம் மாட்டியது, கோடுகள் எல்லாம் நேர்நேராக, கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில். சூட்டிலும் குளிரிலும் லாக்கர் தானாக வெடித்தால் கோடுகள் மயிரிழை மாதிரி மெலிந்து, வளைந்து, கிளை விட்டுப் போகும். இது பிளேடால் கீறி அழுக்கு தேய்த்த வேலை. அப்புறம் பின்பக்கம் ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்தில், யார் கண்ணுக்கும் படாத ஓரத்தில், பஞ்சில் அசிடோன் நனைத்து ஒரு சொட்டு வைத்தார். நைட்ரோ என்றால் மேல் பூச்சு ஒட்டும் பதத்துக்கு இளகும். இதில் ஒன்றுமே நடக்கவில்லை, துடைத்தால் அதே பளபளப்பு. பாலியெஸ்டர். (இதை நீங்களே செய்துபார்க்க வேண்டாம், நிஜ நைட்ரோவாக இருந்தால் கறை நிரந்தரம்.)

நெக்கைக் கழற்றினோம். எனக்கு அனுப்பிய படத்தில் முத்திரை இருந்த இடத்தில் இங்கே வெறும் மரம், உப்புத்தாள் தேய்த்த வட்ட வட்டத் தடம், ஓரத்தில் மட்டும் ஏதோ மை எழுத்தின் நிழல். உரிமம் பெற்று விற்கப்படும் மாற்று நெக்குகளில் அந்த இடத்தில் உரிமம் பற்றிய முத்திரை இருப்பது வழக்கம், அதைத்தான் அழித்திருப்பார்கள் என்றார் பெரியவர். நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் இருந்த ஃபெண்டர் எழுத்து, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர், அதன் விளிம்பு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது.

பிக்கார்டுக்குக் கீழே இன்னும் மோசம். 62 ஸ்ட்ராட்டில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் மூன்று சிங்கிள் காயில் பிக்அப்புக்கும் தனித்தனியாகத்தான் மரத்தைக் குடைந்திருப்பார்கள். இதில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய குழி, அகலமான ஹம்பக்கர் பிக்அப் கூடப் போடலாம் என்ற அளவுக்கு. துணி சுற்றிய கம்பிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் கம்பிகள். பாட்கள் காசு அகலத்துக்குக் குட்டியானவை, பின்னால் எந்த எண்ணும் இல்லை. அந்த எண் ஏன் முக்கியம் என்றால், அமெரிக்கப் பாட்களின் முதுகில் செய்த நிறுவனமும் ஆண்டும் வாரமும் குத்தப்பட்டிருக்கும். 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். 137க்குப் பின்னால் 8340 என்றிருந்தால் 1983ன் நாற்பதாவது வாரம். கிட்டார் அதற்கு முன்னால் அப்படியே செய்யப்பட்டிருக்க வழியில்லை. திறந்தால் மதிப்பு போய்விடும் என்று விற்றவர் மறைத்தது இதைத்தான்.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்த பகுதி. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது விற்றவர் சொன்னது: "நெக்கைக் கழற்றிவிட்டீர்கள், விளம்பரத்திலேயே பாகங்களைத் திறந்தால் திரும்பப் பெற மாட்டோம் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் உள்ளே எதை மாற்றினீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" யோசித்துப் பாருங்கள். பொய் இருப்பது உள்ளே, உள்ளே பார்த்தால் உரிமை போச்சு, பார்க்காவிட்டால் பொய் தெரியாது. பழியையும் தூக்கி என் தலையிலேயே போடுகிறார். விற்பனைத் தளத்திடம் புகார் கொடுத்தேன், படங்கள், அளவுகள், பெரியவர் எழுதிக் கையெழுத்திட்ட குறிப்பு, விற்றவர் எனக்கு அனுப்பிய முத்திரைப் படம், எல்லாம். நெக் பிளேட்டில் உள்ள எண் விளம்பரத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறது, எனவே பொருள் விவரித்தபடியே உள்ளது என்று பதில் வந்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.

அந்த நெக் பிளேட் என்பது நாலு திருகில் நிற்கும் ஒரு தகடு. கழற்ற ஒரு நிமிடம் ஆகாது. நல்ல ரீஇஷ்யூ ஒன்றை வாங்கி, நெக் தனி, பாடி தனி, பிக்அப்போடு கூடிய பிக்கார்டு தனி, தகடு தனி, கேஸ் தனி என்று பிரித்து விற்பவர்கள் நிறைய, அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அப்படிப் பிரிந்து வரும் நிஜத் தகடுகளும் கையேடுகளும் இந்த மாதிரி ஆட்களின் மூலதனம். ரீஇஷ்யூவில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் பழசு மாதிரி தெரியும் புதிய உதிரிபாகம் எல்லாமே கடையில் கிடைக்கிறது. மேலும் வி எண்ணை வைத்து ஆண்டைத் துல்லியமாகச் சொல்லவே முடியாது, எண்கள் வரிசையாக ஓடவில்லை, ஆண்டுக்கு நம்பத்தக்க ஆதாரம் நெக்கின் அடியில் உள்ள தேதிதான். எண்ணை மட்டும் பார்த்து "பொருந்துகிறது" என்று சொல்லும் எவரும் இந்தக் கிட்டாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, வாங்குகிறவர்கள் என்ன கேட்க வேண்டும்? தனித்தனிப் படங்களை ஏற்காதீர்கள். ஹெட்ஸ்டாக்கில் தொடங்கி, நெக்கைக் கழற்றி, அடியைக் காட்டி, பாடியில் உள்ள பள்ளத்தைக் காட்டி முடியும் வரை வெட்டாத ஒரே காணொளி கேளுங்கள், பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாள் இருக்கட்டும். பிக்கார்டைத் திறப்பதற்குத் திருகுகள் போதும், ஈயப்பற்றைத் தொடவே வேண்டாம், ஆகவே மதிப்பு குறையும் என்ற பேச்சு அங்கே செல்லாது. பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாலத்தில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பழைய அளவு என்றால் 56 மில்லிமீட்டரை ஒட்டி வரும், 52 என்றால் அது நவீன பாலம். எல்லாவற்றையும்விட முக்கியம், பரிசோதனைக்காக நெக்கையும் பிக்கார்டையும் கழற்றினாலும் திருப்பித் தரும் உரிமை போகாது என்று பணம் அனுப்பும் முன் எழுத்தில் வாங்குங்கள். நேர்மையானவர் இதற்குச் சம்மதிப்பார், நான் அதற்கப்புறம் பேசிய ஒருவர் கேட்ட மறுநாளே காணொளி அனுப்பினார்.

கிப்சன் பக்கம் போகிறவர்களுக்கு வேறு பயம். லெஸ் பால் 59 ரீஇஷ்யூவில் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், டிரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) நட்டுக்காகக் குடைந்த இடத்தில் மரம் குறைவு, கீழே விழுந்தால் உடைவது அங்கேதான். ஒட்டிப் பூசி மறைத்து "பழுதே இல்லை" என்று விற்பார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்தால் பிற்பாடு பூசிய இடம் மட்டும் வேறு மாதிரி ஒளிரும், அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். டிரஸ் ராட் மூடியில் மூன்று திருகு இருந்தால் பேச்சே வேண்டாம், கிப்சனில் இரண்டுதான்.

இவ்வளவு எழுத முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. எனக்கு அனுப்பிய அதே 1984 முத்திரைப் படம், அதே கீறல், அதே விரல் நிழலோடு, இப்போது "57 ரீஇஷ்யூ, ஒரே துண்டு மேப்பிள் நெக்" என்ற வேறொரு விளம்பரத்தில் கிடக்கிறது. 57ல் ரோஸ்வுட் கிடையாது, படத்திலோ முத்திரைக்கு மேலே ரோஸ்வுட் ஓரம் பளிச்சென்று தெரிகிறது. அந்த விளம்பரத்தைப் பற்றியும் தளத்துக்கு எழுதிவிட்டேன். ரீஇஷ்யூ வாங்கும்போது மிக அருகில் எடுத்த இந்த மாதிரி முத்திரைப் படம் உங்களுக்கும் வந்திருந்தால், அதையும் உங்கள் கிட்டாரின் நெக் அடிப் படத்தையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், மேல்முறையீட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.