அலயஸா, ஃபங்ஷனா, ஸ்கிரிப்டா?

கடலூர் முதுநகரில் ஒரு மீன் வியாபாரியின் கணக்கு முழுக்க லினக்ஸ் கணினியில் இருக்கிறது. பராமரிப்பது நான். பேக்அப் எடுக்கும் நீளமான கட்டளையைப் பேஷில் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் நிரல்) ஓர் அலயஸாகப் போட்டிருந்தேன். சாயங்காலம் நாலு எழுத்து அடித்தால் வேலை முடிந்துவிடும். ஐப்பசி மழை தொடங்கியதும், இரவு 11 மணிக்குத் தானாக ஓடட்டும் என்று அதே பெயரை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் எழுதிவைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒரு கோப்புகூட இல்லை.

அலயஸ் என்பது நம் கை தட்டும் ஷெல்லுக்கு மட்டும் தெரிந்த செல்லப்பெயர். கிரான், அலயஸ்களை எழுதிவைக்கும் நம்முடைய பேஷ்ஆர்சி கோப்பைப் படிப்பதில்லை. பேஷ் ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு) எழுதினாலும், அதற்கென்று இருக்கும் அமைப்பை இயக்காதவரை அலயஸ் விரியாது. அன்றே கட்டளையை ஸ்கிரிப்டாக மாற்றி, முழுப் பாதையோடு கிரானில் கொடுத்தேன். ஆள் இல்லாத நேரத்தில் ஓட வேண்டிய எதற்கும் ஸ்கிரிப்ட்தான் சரி.

அப்படியானால் எல்லாவற்றையும் ஸ்கிரிப்டாக எழுதிவிடலாமா? முடியாது. லாஸ்பேட்டையிலிருந்து கற்றுக்கொள்ள வரும் தம்பி, “அண்ணே, அலயஸ்ல $1 போட்டா ஏன் வேலை செய்யல?” என்று கேட்டார். ($1 என்பது கட்டளைக்குப் பின் நாம் கொடுக்கும் முதல் சொல்.) கோப்புறை ஒன்றை உருவாக்கி, உடனே அதற்குள் போவதற்கு ஒரே கட்டளை வேண்டுமாம். அலயஸ், ஸ்கிரிப்ட், ஃபங்ஷன் (ஷெல்லுக்குள் பெயரிட்டு வைக்கும் கட்டளைத் தொகுப்பு) மூன்றையும் உரசிப் பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது.

அலயஸ் வெறும் எழுத்து மாற்று. நாம் கொடுக்கும் பெயர் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும், நடுவில் செருக வழியில்லை. (1970களின் இறுதியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் அலயஸுக்கு அந்த வசதி இருந்தது, பேஷில் இல்லை.) ஸ்கிரிப்ட் பெயரை வாங்கிக்கொள்ளும், கோப்புறையையும் உருவாக்கும். ஆனால் அது தனி புராசஸாக (தனியாக இயங்கும் நிரலாக) ஓடுவதால், உள்ளே ‘சிடி’ (கோப்புறை மாறும் கட்டளை) செய்தாலும் முடிந்ததும் நாம் பழைய இடத்திலேயே நிற்போம். ஃபங்ஷன் நம் ஷெல்லுக்குள்ளேயே ஓடுகிறது. $1 வேலை செய்யும், இடமும் மாறும். பெரும்பாலான தேவைக்கு அலயஸைவிட ஃபங்ஷனே மேல் என்று பேஷ் கையேடும் சொல்கிறது. எனக்கும் அதே கருத்துதான்.

அலயஸுக்கென்று ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ஸோடு எப்போதும் சேர்க்கும் விருப்பங்களைச் சுருக்க அது போதும். இன்னொன்று, நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் ‘சூடோ’வை அதே சொல்லுக்கு அலயஸாக்கி, மேற்கோளுக்குள் கடைசியில் ஓர் இடைவெளி விட்டுப் பாருங்கள். அடுத்து வரும் சொல் அலயஸாக இருந்தால் அதுவும் விரியும். என் பேஷ்ஆர்சியில் இப்போது இந்த இரண்டு அலயஸ் மட்டுமே இருக்கின்றன.